ஈரோடு மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பிரேம் கடை: அப்பாவின் 1965 படத்தைக் கொடுத்து வாங்கிய அனுபவம்

அப்பாவின் பழைய படங்கள் இரண்டையும் அவருடைய எட்டுப் பதக்கங்களையும் ஈரோட்டில் ஒரு பிரேம் கடையில் கொடுத்திருந்தேன். போன வாரம்தான் வாங்கி வந்தேன். வீட்டில் இந்த மாதிரிப் படங்களை வைத்துக்கொண்டு, அதிலும் ராணுவத்தில் இருந்தவர்களின் படங்களை வைத்துக்கொண்டு, யாரை நம்பிக் கொடுப்பது என்று யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் வரும். அந்தப் படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லாவிட்டால், கடைக்காரர் செய்த வேலையின் அருமை புரியாது.

கடை மணிக்கூண்டிலிருந்து ஈஸ்வரன் கோயில் வீதிப் பக்கம் போகிற ஒரு சந்தில், முதல் மாடியில் இருக்கிறது. தனியாகப் பெயர் கிடையாது. 'படங்களுக்கு பிரேம் போட்டுத் தரப்படும்' என்று பச்சை பெயின்ட்டில் எழுதிய தகரப் பலகை மட்டும்தான். சாமி படம், கல்யாணப் படம், மாலை போட்ட தாத்தா பாட்டி படம் எல்லாம் வாசல் வரைக்கும் சாய்த்து வைத்திருப்பார்கள். மரத்தூள் வாசனை படியிலேயே வரும்.

இப்போது படங்களைப் பற்றி. முதல் படம் 1965 அக்டோபரில் ஜம்முவில் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. அப்பாவுக்கு அப்போது 23 வயது. தொப்பியை மடியில் வைத்து உட்கார்ந்திருப்பார். தோளில் மூன்று நட்சத்திரம். இரண்டாவது படம் 1967, வெலிங்டனில், கல்யாணமான புதிதில் அம்மாவோடு எடுத்தது. அதில் தோளில் இரண்டே நட்சத்திரம்.

மூன்று நட்சத்திரம் என்றால் கேப்டன், இரண்டு என்றால் லெப்டினன்ட். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், இரண்டு படமும் அடுத்தடுத்து மாட்டியிருந்ததால், வருகிறவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். "கேப்டனா இருந்தவரை எதுக்குங்க இறக்கிட்டாங்க?" என்று என் கல்யாணத்தின்போது மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் கேட்டே விட்டார். அப்பா சிரித்துக்கொண்டு காபி கொடுக்கச் சொன்னார். எனக்கு அன்றைக்கு முழுக்க மனசு ஆறவில்லை.

உண்மையில் நடந்தது இதுதான். 1962 அக்டோபரில் சீனா எல்லையில் போர் ஆரம்பித்தபோது அப்பா கோவை அரசு கலைக் கல்லூரியில் படிப்பை முடித்துவிட்டு, தடப்பள்ளி வாய்க்கால் வயலில் தாத்தாவுக்கு ஒத்தாசையாக இருந்தார். அக்டோபர் 26ஆம் தேதி நாட்டில் அவசரநிலை அறிவித்தார்கள். படையில் அதிகாரிகள் போதவில்லை என்று படித்த இளைஞர்களை எமர்ஜென்சி கமிஷன், அதாவது அவசரகால அதிகாரி நியமனம், என்ற பெயரில் எடுக்க ஆரம்பித்தார்கள். அதற்காகவே சென்னையிலும் புனேயிலும் 1963இல் பயிற்சிப் பள்ளிகள் திறந்தார்கள். பரங்கிமலையில் இன்றைக்கு அகாடமி என்று இருப்பது அப்போது ஆபீசர்ஸ் டிரெயினிங் ஸ்கூல். அப்பா அங்கே ஆறு மாதம் பயிற்சி எடுத்து, 1963இன் நடுவில் செகண்ட் லெப்டினன்ட்டாக வெளியே வந்தார். தோளுக்கு ஒரு நட்சத்திரம். நேராக மதராஸ் ரெஜிமென்ட். அந்த ரெஜிமென்ட்டின் சென்டர் வெலிங்டனில்தான் இருக்கிறது. மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறினால் ஊர் வந்துவிடும் என்பதில் தாத்தாவுக்கு அவ்வளவு நிம்மதி. ஆனால் மகனை அனுப்பியது வடக்கே.

இரண்டு வருஷம் கழித்து லெப்டினன்ட், இரண்டு நட்சத்திரம். அது கைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே பாகிஸ்தானோடு 1965 போர். செப்டம்பர் 7ஆம் தேதி இரவு நம் படை சியால்கோட் பகுதியில் எல்லையைத் தாண்டியது. அப்பாவின் பட்டாலியனும் அந்தப் பக்கம்தான். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, கம்பெனி கமாண்டரான மேஜர் பக்கத்தில் ஷெல் விழுந்து காலில் பலத்த அடி. ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள். கம்பெனி என்றால் பட்டாலியனில் ஒரு பிரிவு, நூறு பேருக்கு மேல். அங்கே மிச்சம் இருந்த மூத்த அதிகாரி அப்பாதான். செப்டம்பர் 23இல் சண்டை நிற்கிறவரை அவர்தான் கம்பெனியைப் பார்த்துக்கொண்டார். நடுவில் ஒரு நாள் பட்டாலியன் தலைமையிலிருந்து போன் வந்தது: ஆக்டிங் கேப்டன், மூன்றாவது நட்சத்திரத்தை வைத்துக்கொள். வைத்துக்கொள்ள நட்சத்திரம் வேண்டுமே? பட்டாலியன் தலைமையின் நிர்வாகத்தைப் பார்க்கும் அதிகாரியான அட்ஜுடன்ட் தன் பெட்டியிலிருந்து இரண்டு எடுத்து, சாப்பாடு வந்த ஜீப்பில் கொடுத்தனுப்பினார்.

ராணுவத்தில் பதவி உயர்வு இரண்டு விதமாக வரும். ஒன்று, இத்தனை வருஷம் சேவை முடிந்தால் இது என்று கணக்குப்படி வருவது. அது கெசட்டில் ஏறும், இடம் மாறினாலும் போகாது. இன்னொன்று ஆக்டிங். அந்த இடத்தில் இருக்க வேண்டியவர் இல்லை, நீ இரு என்று கொடுப்பது. இடத்தை விட்டால் பதவியும் போகும். போர்க் காலத்தில் இது சகஜம். கம்பெனி நடத்துவது மேஜரின் வேலை என்றாலும், இரண்டே வருஷம் சேவை உள்ளவரை அவ்வளவு தூரம் ஏற்றாமல் கேப்டன் வரை ஏற்றினார்கள் என்று அப்பா சொல்வார்.

அந்த டிசம்பரில் லீவில் ஊருக்கு வந்தபோது தோளில் மூன்று நட்சத்திரம். கோபி பஸ் ஸ்டாண்டிலிருந்து தோட்டம் வரை கூட்டம். அன்று முதல் எங்கள் தோட்டத்துக்குக் 'கேப்டன் தோட்டம்' என்றே பெயர். 1987இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று வந்தார். இன்றைக்கும் பால் வண்டிக்காரர் முதல் கரண்ட் ஆபீஸ் வரை கேப்டன் தோட்டம்தான். 1966 ஜனவரி 10ஆம் தேதி தாஷ்கண்ட் ஒப்பந்தம் ஆனது, பிப்ரவரி கடைசிக்குள் படைகள் பழைய இடத்துக்குத் திரும்பின, மார்ச்சில் மூத்த மேஜர் ஒருவர் கம்பெனிக்கு வந்தார். அன்று சாயங்காலம் அப்பா தோளுக்கு ஒரு நட்சத்திரமாகக் கழற்றி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தார். கணக்குப்படி கேப்டன் பதவி வந்தது 1969இல். அப்போது வேறு நட்சத்திரம்தான் வாங்கிப் போட்டார். அந்தப் பழைய இரண்டும் டப்பாவிலேயே இருந்தன.

"போர்ல குடுத்தது ஆளைப் பார்த்துக் குடுத்ததில்ல கண்ணு. காலியான எடத்தைப் பார்த்துக் குடுத்தது" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். அடிபட்ட அந்த மேஜர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பட்டாலியனுக்குத் திரும்பவில்லை. அவர் இருந்தவரை ஒவ்வொரு பொங்கலுக்கும் அப்பா அவருக்குக் கடிதம் போட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பா போன வருஷம் 82 வயதில் இறந்தார். வருஷத் திதிக்கு முன்னால் படங்களைச் சரி செய்துவிடலாம் என்று எடுத்தால், 1965 படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. ஆசாரத்துச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும். இடது தோள் இருக்கிற இடத்தில் பழுப்பாக ஒரு கறை. மூன்றாவது நட்சத்திரத்தில் பாதியைக் கறை தின்றுவிட்டது.

முதலில் வேறு ஒரு ஊரில் வேறு ஒரு இடத்தில்தான் கொடுத்தேன். பெயர் வேண்டாம். செல்போனில் படத்தை அனுப்பினால் போதும் என்றார்கள், இரண்டே நாளில் கலர் படமாக வந்தது. பளபளவென்று இருந்தது. அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, வாங்கிப் பார்த்துவிட்டு, "இது ஆரு கண்ணு?" என்று கேட்டார். சின்ன வயதில் கவலை ஓட்டும்போது, அதாவது மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கும்போது, வடம் அடித்து அப்பாவின் இடது புருவத்தில் ஒரு தழும்பு உண்டு. அது போயிருந்தது. மூக்கு வேறு யாருடையதோ. வலது தோளில் மூன்று நட்சத்திரம், இடது தோளில் இரண்டு. எல்லாவற்றையும் விட, நெஞ்சில் பதக்க ரிப்பன்கள் இரண்டு வரிசையாக இருந்தன. 1965 அக்டோபரில் அப்பாவின் நெஞ்சில் ஒன்றுமே கிடையாது. அந்தப் போருக்கான பதக்கங்களே பின்னால்தான் வந்தன. ராணுவ உடுப்பு என்றால் ரிப்பன் இருக்கும் என்று கம்ப்யூட்டரே நினைத்து வரைந்து வைத்திருக்கிறது. கேட்டதற்கு, "நல்லாத்தானே மேடம் இருக்கு, கெத்தா இருக்கு" என்றார்கள். வாங்காத பதக்கத்தை என் அப்பாவின் நெஞ்சில் குத்தி ஆசாரத்தில் மாட்டச் சொல்கிறார்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கொடுத்த பணத்தைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

அப்புறம் என் பழைய பேங்க் சிநேகிதி சொல்லித்தான் இந்த ஈரோட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். படத்தைக் கையில் வாங்கினவர், முன்பக்கத்தைப் பார்ப்பதற்கு முன்னால் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். ஆணியைக் குறடால் ஒவ்வொன்றாக எடுத்து, பிரவுன் பேப்பரைக் கிழிக்காமல் பிரித்து, அட்டையைத் தூக்கினார். கரையான் மண் கொட்டியது. படத்தின் முதுகில் ஸ்டுடியோவின் ரப்பர் முத்திரை, அதன் கீழே பென்சிலில் அப்பாவின் கையெழுத்து: ஆக்டிங் கேப்டன், 10-65. இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் பார்த்ததே இல்லை. அத்தனை பேருக்கும் பதில் அங்கேயே இருந்திருக்கிறது. கடை என்றுகூடப் பார்க்காமல் அழுதுவிட்டேன். அவர் ஸ்டூலை நகர்த்திப் போட்டு, பையனை அனுப்பி டீ வாங்கி வரச் சொன்னார்.

"கண்ணாடியிலிருந்து பிரிக்க வேண்டாமுங்க அம்மணி. பிரிச்சா மூஞ்சி கண்ணாடியோட போயிருமுங்க" என்றார். பழைய படங்களில் மேலே ஜெலட்டின் பூச்சு இருக்கும், ஈரம் பட்டால் அது பசை மாதிரி கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, வேலையெல்லாம் நகலில் மட்டும் செய்வதாகச் சொன்னார். அசலை அப்படியே அமிலம் இல்லாத காகித உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இது மாதிரி ஒட்டிப்போன படம் உங்கள் வீட்டில் இருந்தால், தயவு செய்து தண்ணீர் தெளித்தோ ஊதியோ பிரித்துப் பார்க்காதீர்கள்.

ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டார். படத்தைப் பெரிதாக ஒரு தாளில் பிரின்ட் எடுத்து, சிவப்பு பென்சிலால் ஏழு இடத்தில் வட்டம் போட்டு வைத்திருந்தார். "இங்க என்ன இருந்ததுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க சொன்னாத்தான் கை வைப்பேன்" என்றார். கம்ப்யூட்டரில் வேலை செய்யும் பெண்ணும் கூடவே நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று, பெல்ட்டின் பக்கிள், தோள்பட்டை ஓரத்தில் ரெஜிமென்ட் பெயர் எழுதிய பித்தளைப் பட்டை இவற்றுக்கெல்லாம் அப்பாவோடு இருந்த ஒருவரிடம் போனில் கேட்டுச் சொன்னேன். அவர் கோவையில் இருக்கிறார், வயது 84, ஞாபகம் அப்படியே இருக்கிறது. புருவத் தழும்புக்கு அத்தை சாட்சி. இப்படி நான்கு வட்டத்துக்குப் பதில் கிடைத்தது. அந்த நான்கை மட்டும் சரி செய்தார்கள். மீதி மூன்று வட்டத்தில் கறையை லேசாக்கினார்களே தவிர, எதையும் வரையவில்லை.

அந்த மூன்றில் ஒன்றுதான் இடது தோளின் மூன்றாவது நட்சத்திரம். நான் பவுடர் டப்பாவோடு போய், "இதோ இருக்குதுங்க அண்ணா, இதே நட்சத்திரம்தான். இதைப் பார்த்து வரைஞ்சிருங்க" என்றேன். அவர் அதை வாங்கி ஸ்கேன் செய்து, திரையில் படத்துப் பக்கத்தில் வைத்து, அளவும் கோணமும் ஒத்துப் பார்த்தார். தெரிகிற பாதி சரியாகப் பொருந்தியது. கறைக்கு அடியில் இருப்பது நட்சத்திரம்தான் என்பது உறுதியானது. ஆனாலும் மீதிப் பாதியை வரையவில்லை. "பாதி தெரியறதே போதுமுங்க. வலது தோள்ல முழுசா இருக்குது. நான் வரைஞ்சா நாளைக்கு மூணுமே நான் வரைஞ்சதுன்னு ஆயிருமுங்க" என்றார். எனக்கு முதலில் ஏமாற்றம். அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். சரி என்று சொன்னேன். இப்போது வீட்டில் மாட்டியிருக்கிற படத்தில் இடது தோளில் இரண்டரை நட்சத்திரம் தெரிகிறது. முகம் என் அப்பாவின் முகம்.

பதக்கப் பெட்டி தனிக் கதை. எட்டுப் பதக்கத்தையும் மேஜையில் பரப்பினதும், "பாலிஷ் போடட்டுங்களா" என்று கடைப் பையன் கேட்டான். கடைக்காரர் உடனே தடுத்துவிட்டார். ஏற்கெனவே எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். விளிம்பில் பொறித்த எழுத்து சில இடங்களில் மழுங்கியிருந்தது. லென்ஸ் வைத்து அதைப் படித்தவர், "அம்மணி, இது ரெண்டும் ஒருத்தரோடதுதானுங்களா? நெம்பர் வேற வேறயா இருக்குது" என்று கேட்டார். 1965 போருக்கான ரக்ஷா மெடலில் அப்பாவின் எண் இசி என்று தொடங்குகிறது. 1971க்கான சங்ராம் மெடலில் ஐசி. இசி என்றால் எமர்ஜென்சி கமிஷன். 1965 போருக்குப் பிறகு அப்படிச் சேர்ந்தவர்களில் நிறையப் பேரைக் கட்டம் கட்டமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். தேர்வில் தேறியவர்களுக்கு மட்டும் நிரந்தர கமிஷன் கிடைத்தது, கூடவே ஐசி எண்ணும். லென்ஸ் வைத்துப் பார்க்கிற ஒருவர் கேட்டதால்தான் எனக்கே அது உறைத்தது: போரில் கம்பெனி நடத்திவிட்டு வந்த பிறகும், வேலையில் இருக்கலாமா என்று அப்பா மறுபடி ஒரு தேர்வைச் சந்தித்திருக்கிறார்.

வரிசை வைப்பதில் கடையில் ஒரு தவறு நடந்தது. பார்வைக்கு அழகாக இருக்கும் என்று நட்சத்திர வடிவப் பதக்கங்கள் இரண்டையும் நடுவில் வைத்து, வட்டமானவற்றை இரண்டு பக்கமும் பிரித்துப் பதித்துவிட்டார்கள். ராணுவப் பதக்கங்களுக்கு முன்பின் வரிசை உண்டு. பார்க்கிறவருக்கு இடது பக்கத்திலிருந்து சமர் சேவா ஸ்டார், பஸ்சிமி ஸ்டார், பிறகு ரக்ஷா மெடல், சங்ராம் மெடல், சைன்ய சேவா மெடல், சுதந்திர வெள்ளி விழா மெடல், கடைசியாக 20 வருஷ, 9 வருஷ சேவை மெடல்கள். நான் தாளில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வார்த்தை பேசாமல் முழுவதையும் பிரித்து மறுபடி பதித்தார். கூடுதல் காசு கேட்கவில்லை. பெவிகால் எதுவும் போடாமல், மெல்லிய பித்தளைக் கம்பியால் பிடித்திருப்பதால் எப்போது வேண்டுமானாலும் கழற்றி விளிம்பைப் படிக்கலாம். பவுடர் டப்பா நட்சத்திரங்கள் இரண்டையும் பதக்கங்களோடு சேர்க்காமல், பெட்டியின் கீழ் மூலையில் தனியாக வைக்கச் சொன்னேன். அப்படியே வைத்திருக்கிறார்.

விலை: படம் சரி செய்தது இரண்டுக்கும் சேர்த்து 3,000 ரூபாய், தேக்கு பிரேம் இரண்டு 3,700, பதக்கப் பெட்டி 5,200. மொத்தம் 11,900. நான் ஏழாயிரத்துக்குள் முடியும் என்று நினைத்துப் போனேன். வேலையைப் பார்த்த பிறகு விலை அதிகம் என்று தோன்றவில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். 15 நாள் என்றவர் 26 நாள் எடுத்துக்கொண்டார். திதிக்கு நான்கு நாள் முன்னால்தான் கைக்கு வந்தது. அதுவரை எனக்குப் படபடப்பு. முதல் பிரின்ட் ரொம்பக் கறுப்பாக வந்து, சொன்ன பிறகு மாற்றிக் கொடுத்தார். பதக்கம் மாதிரிப் பொருளை வாங்கி வைக்கும்போது ஒரு அட்டைத் துண்டில் '8 மெடல்' என்று எழுதிக் கொடுப்பது போதவே போதாது. ஒவ்வொன்றின் பெயரும் எண்ணும் நானே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், கொடுப்பதற்கு முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். படிக்கட்டு செங்குத்தாக இருப்பதால் அத்தையைக் கூட்டிப் போக முடியவில்லை. தழும்பு சரியாக வந்திருக்கிறதா என்று காட்ட, அந்தப் பெண்தான் பிரின்ட்டை எடுத்துக்கொண்டு கீழே கார் வரைக்கும் இறங்கி வந்தாள்.

ஞாயிறு விடுமுறை. மதியம் சாப்பாட்டுக்கு ஒன்றரை மணிக்குப் பூட்டினால் மூன்று மணிக்குத்தான் திறப்பார். திங்கள் இரவும் செவ்வாய்க்கிழமையும் ஜவுளிச் சந்தை நாள், அந்தப் பக்கம் வண்டி நிறுத்த இடமே கிடைக்காது. புதன்கிழமை காலையில் போங்கள். பிரேமை நீங்களே பிரித்துவிடாமல், முதுகோடு அப்படியே துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். ஆசாரத்தில் ஓதம் ஏறாத உள்சுவராகப் பார்த்து மாட்டச் சொல்லியிருக்கிறார். இரண்டு படத்தையும் பழையபடி அடுத்தடுத்தே மாட்டியிருக்கிறேன். 1965 படத்தின் முதுகுப் பக்கத்தையும் நகல் எடுத்து, அந்தப் பென்சில் எழுத்து தெரிகிற மாதிரி நடுவில் சின்னதாக ஒரு பிரேம் போட வேண்டும். அதற்கு அடுத்த புதன்கிழமை மறுபடி போகிறேன்.